மாரியின் விரலும் கன்னியம்மாவின் நோட்டும்

படிவத்தை எப்படி நிரப்புவது, மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் மதிப்பீட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். என்னைவிட நீங்கள் வேகமாகவே செய்வீர்கள். நான் சொல்ல வந்தது, என் சர்வீஸிலேயே நான் ரொம்ப அழகாக எழுதிய ஓர் அறிக்கையைப் பற்றி. அதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. எழுதிய விஷயம் மட்டும் முழுக்கத் தப்பு.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது நடந்தது. அரசு சுகாதார நிலையங்களில் பாலினச் சமத்துவக் கொள்கை எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதற்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, புகார்க் குழு இருக்கிறதா, அதில் இருப்பவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பது தெரியுமா என்று நாற்பது கேள்விகள். தாழ்ப்பாள் விஷயத்தில் நான் யார் பேச்சையும் நம்ப மாட்டேன், உள்ளே போய்ப் போட்டுப் பார்ப்பேன். கருங்குழிப் பக்கம் ஓரிடத்தில் அப்படிப் போட்டது திறக்காமல், அரை மணி நேரம் உள்ளேயே நின்றேன். அந்த நிலையத்துக்கு 'தாழ்ப்பாள் உறுதியாக உள்ளது' என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான். தாழ்ப்பாளைச் சோதித்தவள் மனுஷியைச் சோதிக்க மறந்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, பெண்களுக்கென்று தனியாகச் சுகர், பிரசர் பார்த்து மாத்திரை கொடுக்கும் நாள் வைத்திருந்தார்கள். கொள்கை வந்த பிறகு ஆரம்பித்தது. பதிவேட்டில் வரிசையாகப் பெண்கள் பெயர். ஒரு புதன்கூட விட்டுப்போகவில்லை. நான் போன அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஆண்கள். கைலி கட்டிக்கொண்டு, கடலிலிருந்து அப்போதுதான் வந்த உப்பு காலில் காய்ந்திருக்க, ஆளுக்கொரு சுகர் நோட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். நோட்டின் மேல் அவரவர் மனைவியின் பெயர்.

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. வெளிப்படையாகவே சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஊர் ஊராகப் போய், 'மனைவியின் உடல்நலத்தில் கணவரின் பங்கு' என்ற கேள்விக்கு எதிரே கோடு போட்டுக் கோடு போட்டுக் கை ஓய்ந்தவள் நான். இங்கே ஒரு பெஞ்சு நிறையப் பங்கு உட்கார்ந்திருக்கிறது!

மாரி என்றொருவரிடம் பேசினேன். ஐம்பது வயது இருக்கும். ஃபைபர் படகில் தொழில்.

"மாசாமாசம் நீங்கதான் வர்றீங்களா?"

"ஆமா மேடம். நாந்தான் வந்துகினு கீறேன். ஒரு மாசம் வுட்டதில்ல."

"வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"அதுக்கின்னா மேடம், கண்ட்ரோல்ல கீதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். கன்னியம்மா, கணவர் பெயர் மாரி. மாதாமாதம் சுகர் எழுதியிருந்தது, அத்தனையும் சரியான அளவு. பிரசர் மட்டும் கொஞ்சம் கூடுதல், அதற்கு மாத்திரை. நான் அடுத்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. மாரியின் தோளில் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டு, 'ஆண்களின் பங்களிப்பில் இந்நிலையம் பிற நிலையங்களுக்கு வழிகாட்டி' என்று எழுதினேன்.

அந்த வரி பறந்தது. ஒரு மாதத்துக்குள் செங்கல்பட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: அந்த நிலையத்தை முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், வரும் வியாழக்கிழமை ஆய்வுக்கூட்டத்தில் நர்ஸுக்குக் கேடயம் கொடுப்பார்கள், அதே புதன்கிழமைக் காலை நேரத்தைக் கடலோரத்தில் இருக்கும் எல்லா நிலையங்களுக்கும் உத்தரவாகப் போடப்போகிறார்கள். வீட்டில் பாயசம் வைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வைத்தேன்.

அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோரு மணி வாக்கில் வாசலில் மீன்காரம்மா குரல். தங்கை, "அக்கா, நீயே பார்த்து வாங்கு" என்று அனுப்பினாள். அலுமினியக் கூடையில் சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் இருந்தன. ஆனால் என் கண் போனது அந்த அம்மாவின் வலது காலுக்கு. துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டியிருந்தது. நாற்றத்தை மீன் மேல் பழி போட முடியவில்லை.

"காலில் என்னம்மா?"

"கெளுத்தி முள்ளு குத்திச்சும்மா. ரெண்டு மாசம் ஆவுது. ஆற மாட்டேங்குது, ஒரே பேஜாரு."

"சுகர் இருக்கா?"

"கீது. ஆனா கண்ட்ரோல்ல கீதாம். ஆறிடும்னு சொன்னாங்களாம்."

சொன்னாங்களாம். அந்த 'ஆம்' என் காதில் இடித்தது. "யார்கிட்ட சொன்னாங்க?"

"எங்கூட்டுக்காரர்கிட்டதான். அதுதான மாசாமாசம் போயி மாத்திர வாங்கியாருது. நா எங்கம்மா போறது? விடியசொல்ல ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ புடிச்சு இங்க வந்தா, திரும்பி வூட்டுக்குப் போவ நாலு மணி ஆவுது. அவுங்க பன்னெண்டுக்கே பூட்டிக்கினு பூடுவாங்க."

பெயரைக் கேட்டேன். கன்னியம்மா. ஊரையும் சொன்னாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க அங்க போயி எவ்வளவு நாள் ஆச்சு?"

"அது ஆவுது ரெண்டு வருசம்."

"அப்ப நோட்டுல மாசாமாசம் சுகர் எழுதியிருக்கே. யார் விரல்ல ரத்தம் எடுத்தாங்க?"

கன்னியம்மா யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது வெரல நீட்டிச்சோ இன்னாவோ!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் வியாபாரத்துக்குப் போகவிடாமல் கெஞ்சி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டைப் பிரித்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சுகரைப் பார்த்துவிட்டு அவள் முகம் மாறியது. பிரசரைப் பார்த்துவிட்டு இன்னும் மாறியது.

"இவங்களுக்குப் பிரசர் ரொம்பக் கம்மியா இருக்கு. இவங்களுக்கு எதுக்குப் பிரசர் மாத்திரை கொடுக்கறாங்க? தலை சுத்தலையாம்மா?"

"சுத்துதே! ஆட்டோவுல ஏறுனாலே கிர்ருங்குது. வெயிலுன்னு நெனச்சேன்."

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். இப்போதும் காப்பாற்றிவிடுவோம் என்று உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்கிறோம் என்றாள். படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காலு போச்சுன்னா கூடய எப்புடிம்மா தூக்குறது?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். என் அம்மா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் வயலில் களை பறித்து எங்களை வளர்த்தவள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று பல்வலியோடு வேலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், கூடை தூக்கும் பெண்கள் காலை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் ஸ்டெல்லா, முப்பத்தைந்து வயதுப் பெண், என்னைப் பார்த்ததும் கேடயத்துக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து டீ வரவழைத்தாள். நான் கன்னியம்மா பெயரைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மறைக்கவில்லை.

"மேடம், செயலியில சுகர் எண்ணும் பிரசர் எண்ணும் போடாம பதிவு ஏறாது. பதிவு ஏறலன்னா மாத்திரை கொடுக்க முடியாது. பொம்பளைங்க வரமுடியல, ஆம்பளைங்க வந்து நிக்கிறாங்க. மாத்திரையே இல்லாம அனுப்புறதா? ஒருநாள் மாரி அண்ணன்தான் கைய நீட்டி, 'என்னுத எடுத்துக்கம்மா, புருசன் பொஞ்சாதி ரத்தம் ஒண்ணுதான'ன்னாரு. அப்பத் தப்புன்னு தெரிஞ்சுது. ஒரு மாசத்துக்குத்தானேன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் நீட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

அதாவது, ஒரு குப்பத்து ஆண்களின் ரத்தம் இரண்டு வருஷமாகப் பெண்களின் பெயரில் கணினியில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுக்குள் இருந்தது கன்னியம்மாவின் சுகர் அல்ல, மாரியின் சுகர். கன்னியம்மாவுக்குப் பிரசரே கிடையாது, அது மாரியின் பிரசர்!

ஸ்டெல்லா மேஜை இழுப்பறையிலிருந்து நான்கு கடித நகல்களை எடுத்துக் காட்டினாள். மாலை நாலு மணிக்கு, மீன்காரப் பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும் ஏலக்கூடத்திலேயே பார்க்க அனுமதி கேட்டு அவள் எழுதியவை. மூன்றுக்குப் பதில் வரவில்லை. நான்காவதுக்குப் பதில் வந்திருந்தது: 'காலை நேரப் பெண்கள் சிகிச்சை நாள் சிறப்பாக நடைபெறுவதாக மதிப்பீட்டு அறிக்கை தெரிவிப்பதால், மாலை நேரம் தேவையில்லை.' என் அறிக்கைதான்.

அன்று மாலை எங்கள் பிரிவின் தலைமை அதிகாரி, எங்கள் மேடம், முன்னால் போய் நின்றேன். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்; சிவப்பு மையால் என் அறிக்கைகளைக் கிழிக்காத குறையாகத் திருத்தியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வியாழக்கிழமை வாயைத் திறக்காதே. அடுத்த வருஷ அறிக்கையில சேர்த்துடலாம். கையெழுத்துப் போட்டதை நாமே தப்புன்னு சொன்னா, நாளைக்கு நாம எழுதற எதையும் எவனும் நம்ப மாட்டான். எல்லா நிலையத்துலயும் நம்ம மார்க்கைத் தூக்கிக் குப்பையில போட ஒரு சாக்கு கிடைச்சுடும். யோசிச்சுப் பேசு."

இது சும்மா பயந்த பேச்சு இல்லை. எங்கள் பிரிவை மூடிவிட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருப்பார்கள். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் முன்னால் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழமை உத்தரவு போட்டுட்டா கடலோரம் பூரா இதே நேரம் ஆயிடும் மேடம். அடுத்த வருஷம் வரைக்கும் எத்தனை கால் தாங்கும்?"

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்: "சரி. அந்த நர்ஸை என்ன பண்ணப்போறே? அவளை மாட்டிவிடாம இதை எப்படிச் சொல்வே?"

புதன்கிழமை முழுக்க அதே யோசனை. பொய் எண் எழுதியது குற்றம். சஸ்பெண்ட் செய்ய அது போதும். அவளைக் காட்டிக்கொடுத்தால் பிரச்சினை ஒரு நர்ஸோடு முடிந்துவிடும். அவளை எடுத்துவிட்டு, அதே காலை நேரத்துக்கு வேறொருத்தியைப் போடுவார்கள். மறைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. யார் தப்பு என்ற வரிசையில் முதலில் என்னை நிறுத்துவது.

வியாழக்கிழமை. மேடையில் கேடயம் மினுமினுத்தது. ஸ்டெல்லா கஞ்சி போட்ட சீருடையில் பின்வரிசையில், விசாரணைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து இரண்டு நிமிஷம் கேட்டேன். தலைமை தாங்கிய அதிகாரி, நன்றி சொல்லத்தான் எழுந்தேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

"ஐயா, இந்த அறிக்கையை எழுதினது நான். இது தப்பு. ஏன் தப்புன்னு காட்டறேன்."

செயலியைத் திரையில் போடச் சொன்னேன். ஒரு பெண் பெயரைப் போட்டு, எண்கள் இல்லாமல் பதிவு செய்யச் சொன்னேன். ஏறவில்லை. "இப்ப, வந்தது அந்தம்மா இல்லை, அவங்க வீட்டுக்காரர். அதை எங்க எழுதறது?" என்று கேட்டேன். கணினி ஆள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். இடம் இல்லை. "என் படிவத்துலயும் இல்லை ஐயா. அதனால நான் பெஞ்சு நிறைய ஆம்பளைங்களைப் பார்த்துட்டு, பங்களிப்புன்னு பாராட்டி எழுதிட்டு வந்தேன். அவங்க பங்களிச்சது ரத்தம்." பிறகு கன்னியம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "அப்ப அந்த நர்ஸ் பொய் எண் போட்டிருக்காங்க. அதானே?"

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "ஆமா சார். நான்தான் போட்டேன். தப்புதான். என்ன நடவடிக்கைனாலும் எடுங்க. ஆனா இந்த நாலு கடிதத்தையும் படிச்சுட்டு எடுங்க."

கடிதங்கள் கை மாறி மாறி மேடைக்குப் போயின. நான்காவது கடிதத்துக்கான பதிலைப் படித்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார். "அந்தத் தேவையில்லைங்கிற வார்த்தை என்னால வந்தது ஐயா," என்றேன். "அவங்களுக்கு மெமோ கொடுத்தா எனக்கு ரெண்டு கொடுங்க."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்: மதிப்பீட்டுப் பிரிவோட லட்சணம் இதுதானா? அப்போதுதான் எனக்குப் பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேடம் எழுந்து நின்றார்.

"இந்த அறிக்கையை மதிப்பீட்டுப் பிரிவு வாபஸ் வாங்குது," என்றார். 'அறிக்கை எழுதியவர்' என்று சொல்லவில்லை, என் பெயரைச் சொல்லவில்லை. பிரிவு என்றார். "தப்பான அறிக்கையை வாபஸ் வாங்கற பிரிவோட மத்த அறிக்கைகளைத் தைரியமா நம்பலாம். உத்தரவை நிறுத்தி வைக்கணும்னு கேட்டுக்கறோம்."

முப்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியதே கிடையாது. அன்றைக்கும் பாராட்டவில்லை, பக்கத்தில் நின்றார், அது போதும்.

உத்தரவு நின்றது. கேடயம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஸ்டெல்லாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, எனக்கும் வந்தது; அவளுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது, எனக்கும் அப்படியே. கடலோரத்தில் ஸ்டெல்லாவின் நிலையத்தில் மட்டும் மாலை நேரத்தைச் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி கிடைத்தது. அதில் ஸ்டெல்லாவும் ஒரு பெண்தான் என்பதை இந்தத் தடவை மறக்கவில்லை. மாலையில் பார்க்கும் நாளில் அவள் மதியம் வேலைக்கு வந்தால் போதும் என்று எழுதி வாங்கினோம். இருட்டினால் பஸ் ஸ்டாப் வரைக்கும் யார் துணை என்று கேட்டபோது, மீன்காரப் பெண்கள், "இன்னாம்மா கேள்வி இது, நாங்க கீறோம்ல?" என்று முடித்துவிட்டார்கள். செயலியிலும் நம் படிவத்திலும் 'நேரில் வந்தவர் யார்' என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. நீங்கள் இப்போது அலட்சியமாகத் தட்டிவிட்டுப் போகிறீர்களே, அதே கட்டம்தான். அதைத் தட்டும்போதெல்லாம் ஒரு நொடி நிமிர்ந்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.

நான்கு மாதம் கழித்து, சோதனையை மதிப்பிட நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஏலக்கூடத்துக் கூரைக்குக் கீழே, காலையில் மீன் கொட்டும் இடத்தைக் கழுவிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். நாலேகாலுக்கு முதல் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காலிக் கூடைகளோடு பெண்கள் இறங்கி நேராக வரிசைக்கு வந்தார்கள். நான் பதிவேட்டைத் தொடவில்லை. முகங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது ஆட்டோவில் கன்னியம்மா இறங்கினாள். இரண்டு காலில் நடந்து வந்தாள். சுண்டுவிரலை மட்டும் எடுத்திருந்தார்கள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "போனா போவுதும்மா, அதுல மெட்டியா போடப்போறேன்?" என்றாள். எனக்கு ஓவென்று அழத் தோன்றியது. சிரித்தேன்.

மேஜைக்குப் பக்கத்தில் மாரி பழக்கதோஷத்தில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை நேரம் எல்லோருக்கும் பொது. பெண்கள் நாள் என்பதால் இரண்டு வருஷமாக இவருக்கென்று ஒரு நோட்டுகூட யாரும் போட்டதில்லை. ஸ்டெல்லா புது நோட்டு எடுத்து, மேலே 'மாரி' என்று எழுதி, கையில் பட்டையைச் சுற்றினாள். பிரசர் அதே பழைய எண்தான், கூடுதல். நேரில் வந்தவர் யார் என்ற கட்டத்தில் 'அவரே' என்று தட்டினாள். மாத்திரை அட்டை வந்தது. மாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மனைவியிடம் நீட்டினார்.

கன்னியம்மா அதை வாங்கி, அவர் சட்டைப்பையிலேயே திணித்தாள்.

"ரெண்டு வருசமா ஒன் பிரசருக்கு நான் மாத்திர துன்னேன்யா. இனிமே நீயே துன்னு!"